இருசக்கர வாகனச் செயினில் துரு: தோற்றமும் வளர்ச்சியும்

சங்க இலக்கியத்தில் தேர் உண்டு, செயின் இல்லை. எந்த ஆய்வையும் சங்க காலத்தில் தொடங்கியாக வேண்டும் என்ற கடமையிலிருந்து இக்கட்டுரை அவ்வாறு தப்பித்தது. ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருந்துகொண்டு 1880இல் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். நம் துறைக்கு ஆதிகாலம் அதுவே. முன்னாய்வுகள் உளவோ எனின், ஏராளம் உள. எல்லாம் டீக்கடை பெஞ்சில் வாய்மொழியாகவே நடந்து முடிந்துவிட்டதால் மேற்கோள் காட்டத்தான் வழியில்லை.

களம், மாடிப்படிக்கு அடியில் நிற்கும் ஒரு பைக். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அப்பா ஞாயிறுதோறும் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் உறுமவிட்டு, சீட்டைத் தட்டிவிட்டு உள்ளே போகிறார். “வண்டிய நல்லா பாத்துக்கறேன்ப்பா” என்று போனிலும் சொல்கிறார். பொய்யில்லை. இன்ஜின் பிழைக்கிறது, பேட்டரியும் ஓரளவு பிழைக்கிறது. ஆனால் நியூட்ரலில் ஓடும் இன்ஜினுக்கும் செயினுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாரம் தவறாத இந்த வைத்தியத்தில் செயின் ஒரு கண்ணிகூட நகர்வதில்லை. ஸ்பிராக்கெட்டைச் சுற்றிக் கிடக்கும் கண்ணிகள் வளைந்த நிலையிலேயே துருவேறி இறுகுகின்றன. ஒருநாள் பின்சக்கரத்தைக் கையால் உருட்டினால், அந்தத் துண்டு பல்லை விட்டு வெளியே வந்த பிறகும் நிமிராமல் கூன் போட்டபடி வரும். தகடுகளின் மேல் காவித்தூள் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் ரேகை பதியும் அளவுக்கு வரும்.

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் கூடினால் துரு. உப்பு சேர்ந்தால் காரியம் விரைவில் முடியும். பெசன்ட் நகரில் கடல்காற்று வரும் பால்கனிக்குத் தனி வாடகை. கீழே பார்க்கிங்கில் நிற்கும் செயினுக்கு அதே காற்று இலவசம்.

“டெல்லி இரும்புத் தூண் துருப்பிடிக்கவில்லையே?” என்பார் உளர். அவர்கள் பெரும்பாலும் செயினுக்கு எண்ணெய் விடாதவர்கள். தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்பது மெய்யே. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் அதை விரிவாக ஆராய்ந்து, அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி, அதன் துணையால் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்று விளக்கினார். செயின் எஃகில் அந்த அளவு பாஸ்பரஸ் இல்லை. மேலும் தூண் ஓடுவதில்லை. எனவே அவ்வுவமை பொருந்தாமை அறிக.

தமிழகத்துச் செயின்களுக்குத் துருவை ஆண்டுதோறும் முறைப்படி தொடங்கி வைக்கும் விழா ஆயுத பூஜை. அன்று காலை ஓஸ் பைப்பால் பீய்ச்சி, ஷாம்பு போட்டு, டேங்க்கைக் கண்ணாடிபோல் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிடுவோம். பழைய கிரீஸ் கழுவப்பட்ட செயின் ஈரத்தோடு கற்பூர ஆரத்தி வாங்கிக்கொள்ளும். அதற்குப் புதிதாக எண்ணெய் விட வேண்டும் என்பது பூஜை முறையில் இல்லை. பூஜை முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழையும் வந்து சேரும்.

இனி சிகிச்சை மரபுகள். மண்ணெண்ணெய் மரபே மூத்தது. பெயின்ட் டப்பாவை அறுத்து அதில் கிருஷ்ணாயில் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பது அவர்கள் நெறி. சரக்கு கிடைப்பதே அரிதானதால் இவர்களில் பலர் டீசலுக்கு மதம் மாறினர். பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுவோர் சிக்கன மரபினர். அந்தக் கறுப்பில் உலோகத் துகளும் உண்டு என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. பெட்ரோல் மரபினர் அவசரக்காரர்கள். தீ அபாயம் ஒருபுறம். ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோல் அந்த ரப்பர் வளையங்களையே கெடுக்கும். கம்பி பிரஷ்ஷும் அவற்றைக் கிழிக்கும். கடைசியாகத் தேங்காய் எண்ணெய் மரபு. சமையலறையை ஒட்டி வளர்ந்த இம்மரபின்படி, கிறீச்சிடும் எதற்கும் மருந்து ஒன்றே. சத்தம் உடனே நிற்கும், அடுத்த மழை வரை.

இம்மரபுகள் தமக்குள் எவ்வளவு சண்டையிட்டாலும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் துருவையே துரத்துகிறார்கள். இக்கட்டுரையின் கருதுகோள் இதற்கு மாறானது. தகட்டின் மேல் இருக்கும் காவி பார்ப்பதற்குத்தான் அசிங்கம். மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் இருந்தால் அரைமணியில் போய்விடும். செயினின் ஆயுளைத் தின்பது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில், பிரஷ் நுழையாத இடத்தில் நடக்கும் தேய்மானம். சாதாரண 428 செயினை எடுத்துக்கொள்வோம். அந்த 4, கண்ணியின் நீளத்தை அங்குலத்தில் எட்டின் பங்காகச் சொல்கிறது. அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். 120 கண்ணிகள் என்றால் மொத்தம் 1,524 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு தேய்ந்தால் போதும், செயின் 15 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒரு முழுக் கண்ணிக்கும் மேல்! தகடு எதுவும் இழுபட்டு நீளவில்லை. ‘செயின் லூஸாயிடுச்சு’ என்று நாம் சொல்வதன் உள்விவரம் இதுதான். பின்னின் ஓரத்திலிருந்து செந்தூள் கசிந்தால், உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது என்று கொள்க. மேலே எதைப் பூசினாலும் அது மேக்கப்.

ஆகவே செய்யத்தக்கது எளிது. மண்ணெண்ணெயில் தேய்த்து, துடைத்து, உலரவிட்டு, இறுகிய கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் மடக்கி நிமிர்த்தி, செயினின் கீழ்ப்பக்கத்து உட்புறத்தில் 90 கியர் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, ஓடும் செயினில் துணியைப் பிடிக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். துணி பல்லில் சிக்கினால் விரலையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். இந்த ஓர் இடத்தில் ஆய்வாளர் விளையாடவில்லை.

இவ்வளவுக்கும் மசியாத செயினுக்கு மெக்கானிக்கே மேல்முறையீட்டு நீதிமன்றம். அவர் குனிந்து, பின் ஸ்பிராக்கெட்டின் நடுவில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி ஒரு இழு இழுப்பார். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் விசாரணை முடிந்தது.

“செட்டா மாத்திருங்க சார். செயின மட்டும் மாத்துனா பழைய பல்லு புதுச் செயினத் தின்னுரும்.”

“ஆயில் விட்டா ஓடாதாப்பா?”

“ஓடும் சார். எங்க நிக்கும்னுதான் சொல்ல முடியாது.”

மேலாய்வுக்குரிய களங்கள் பல உள. சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங், கிணற்று உருளை, ஷட்டர் பூட்டு ஆகியவை ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கின்றன. வீட்டு கேட்டின் கீலைத் தொட வேண்டாம். அதற்குத் தேங்காய் எண்ணெய் மரபினர் ஏற்கெனவே உரிமை கோரிவிட்டனர்.