நிதி அமைச்சகத்தாருக்குச் சித்தூர் மனு எழுத்தர் ஒருவரின் விக்ஞாபனம்

மகா கனம் பொருந்திய இந்திய அரசாங்கத்து நிதி அமைச்சகத்தார் சமூகத்துக்கு, சித்தூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் அடியேன், 1911ஆம் வருஷம் வட ஆற்காட்டிலிருந்து சித்தூரைப் பிரித்தெடுத்தபோது எங்களோடு கூடவே வந்துவிட்ட தமிழில், தில்லிக்குத் தெலுங்கும் தமிழும் ஒன்றுதான் என்ற தைரியத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விக்ஞாபனம் யாதெனில்:

என் கட்சிக்காரர்கள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் சில பிள்ளைகள். கிரிப்டோ நாணயத்தில் ஜனங்களை முதலீடு செய்ய வைக்கும் செயலி ஒன்றை, திரைகளைக் கணினியில் வரைந்தும், நிரலைச் செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி எழுதி வாங்கியும், விலைகளை அயல்நாட்டுச் சந்தையொன்றிலிருந்து இறக்கிக்கொண்டும், ஒரு வார இறுதிக்குள் மாதிரி செய்து முடித்து, என் மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். திறந்தவுடன் ஒரு சக்கரம் சுழன்று பிட்காயின் துணுக்கொன்றை இனாமாக அளிக்கிறது. வாங்கினால் மணி அடித்து வர்ணக் காகிதம் பொழிகிறது. நாள் தவறாமல் வாங்குகிறவனுக்குத் தீபச் சின்னமும், தவறிவிட்டால் தீபம் அணைந்துபோனதாக நள்ளிரவில் துக்கச் செய்தியும் வருகின்றன. வாங்கும் பொத்தான் உள்ளங்கை அகலத்தில் பச்சையாக ஜொலிக்க, விற்கும் பொத்தானோ மூன்று திரைகளுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் அஞ்ஞாதவாசம் செய்கிறது. இந்த வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, நஷ்டம் வந்தால் முறையிட இடமும் இல்லாமற் போகலாம் என்று விளம்பரங்களில் போடவேண்டுமென 2022 ஏப்ரல் முதல் விளம்பரத் தரக் கவுன்சில் விதித்திருக்கும் எச்சரிக்கையையும் பிள்ளைகள் விட்டுவிடவில்லை. அதைப் படித்ததாகத் தட்டியவனுக்குப் பத்துப் புள்ளி. நஷ்டம் வந்தால் என்ன ஓசை கேட்கும் என்று வினவினேன். அதற்கு ஓசை வைக்கவில்லை என்றார்கள்.

வர்ணக் காகித உபாயம் இவர்களுடைய சுயகற்பனை அன்று. அமெரிக்காவில் ராபின்ஹூட் என்ற பங்கு வர்த்தகச் செயலி இவ்விதமே காகிதம் தூவி உற்சவம் நடத்தி, அனுபவமற்றவர்களை ஓயாமல் வியாபாரம் செய்யத் தூண்டுகிறதென்று 2020 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநில அதிகாரிகளின் புகாருக்கு ஆளாகி, 2021இல் காகிதத்தை நிறுத்தி, 2024இல் 75 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. அங்கே நின்றுபோன உற்சவத்தை இங்கே தொடங்க ஆட்சேபம் உண்டோ என்று தங்கள் ஆணைகளில் தேடினேன். அகப்பட்டது வரி ஒன்றுதான்.

2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும். அவ்வருஷம் ஜூலை முதல், வரம்புக்கு மேற்பட்ட விற்பனைத் தொகையில், விற்றவனுக்கு லாபமானாலும் நஷ்டமானாலும், ஒரு சதவீதம் முன்பிடித்தம். ஒரு நாணயத்தில் பட்ட நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ளவோ அனுமதி இல்லை. எங்கள் ஜில்லாவில் தோதாபுரி மாம்பழத்தில் கையைச் சுட்டுக்கொண்ட மாந்தோப்புக்காரன் நீலம் என்ற இன்னொரு ரகத்தில் கண்ட லாபத்தைக் கொண்டு கடனை அடைத்து இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறான் (விவசாய வருமானத்துக்குத் தாங்கள் வரியே கேட்பதில்லை என்பது வேறு விஷயம்). 2025இல் தோதாபுரி விலை விழுந்தபோது, கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயைத் தான் கொடுப்பதாக மாநில அரசு முன்வந்தது. கிரிப்டோ விழுந்தால் தாங்களும் அப்படிக் கொடுக்கவேண்டுமென்று கேட்க நான் அவ்வளவு மூடன் அல்லன். ஆனால் ஏறினால் பங்காளி, இறங்கினால் அன்னியர் என்கிற உறவுமுறைக்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை மனுவில் எழுத மரியாதை தடுக்கிறது.

ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் இவ்வியாபாரத்துக்கு அடைத்த வங்கிக் கதவை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் திறந்துவிட்டபின், இது சட்டபூர்வமானதா அல்லவா என்று உலகம் தங்கள் திருவாய் மொழிக்குக் காத்திருந்தது. 2022 பிப்ரவரியில் மாநிலங்களவையில் நிதி அமைச்சர், அது வேறு கேள்வி, வரி விதிப்பது அரசின் உரிமை என்னும் பொருள்பட விளக்கம் அளித்தார். ஒரு வஸ்துவை உண்டென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் தட்சிணையை மாத்திரம் பெற்றுக்கொள்ளும் இந்த நிலையை அத்வைதிகளும் எட்டினாரில்லை.

சங்கடம் இனிமேல்தான். எங்கள் ஆந்திர அரசு இணைய ரம்மியை 2020லேயே தடுத்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவாயினும், அது சாமர்த்தியத்தால் ஜெயிப்பதாயினும் அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பதாயினும், நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் என்று 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டும் சட்டம் செய்தது. அதே சக்கரம், அதே மணி, அதே நள்ளிரவுச் செய்தி. உள்ளே சீட்டுக்கட்டை வைத்தால் ஜெயில், நாணயத்தை வைத்தால் சலான். பிள்ளைகள் நாணயத்தையே வைத்தார்கள். புத்திசாலிகள்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டேன். அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள். 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸ் என்ற நம் நாட்டுச் சந்தையிலிருந்து ஏறக்குறைய 23 கோடி டாலர் பெறுமான நாணயங்கள் களவுபோய், வாடிக்கையாளர்கள் தங்கள் சொத்தைத் தொடுவதற்கு, சிங்கப்பூர் நீதிமன்றத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு, ஓராண்டுக்கு மேல் காத்துக் கிடந்ததை எடுத்துச் சொன்னேன். கணக்குள்ள கொடுக்கல் வாங்கல் எப்படியிருக்கும் என்பதை அறியாதவர்களும் அல்லர்: ஏழுமலையான் தன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கடன் வாங்கினான் என்பது இந்தப் பிள்ளைகள் பிறந்த நாள் முதல் கேட்ட ஐதிகம். அந்தக் கடனுக்குக் கொடுத்தவன் இன்னானென்று தெரியும், தெய்வ சாட்சி உண்டு, வட்டி உண்டு, கலியுக முடிவு என்று தவணையும் உண்டு, உண்டியலில் விழுவதைப் பரகாமணியில் உட்கார்ந்து எண்ணவும் ஆட்கள் உண்டு. பிட்காயினைப் படைத்தவனோ சடோஷி நாகமோட்டோ என்கிற புனைபெயரை மாத்திரம் விட்டுவிட்டு 2011லேயே அந்தர்த்தானமானான்.

செயலியை வெளியிடுமுன், பொய் சொன்னவன் தப்பமாட்டான் என்று இப்பிரதேசத்தார் நம்பும் காணிப்பாக்கம் பிள்ளையார் சந்நிதியில், வாங்குகிறவனுக்கு நஷ்டம் நேர்ந்தால் நாங்கள் பொறுப்பு என்று ஒரு சத்தியப் பிரமாணம் செய்துவிடலாமே என்று யோசனை சொன்னேன். அன்றைக்குப் பரீட்சை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எந்த நாளென்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே சமூகத்தார் தயை கூர்ந்து, இது விளையாட்டெனில் வெளியாகுமுன்பே தடுத்தும், முதலீடெனில் பங்குச் சந்தைக்குச் செபி இருப்பதுபோல் இதற்கும் ஓர் ஆபீஸையும் அதில் புகார் வாங்க ஒரு குமாஸ்தாவையும் நியமித்தும், இரண்டும் இயலாதெனில் நஷ்டத்திலும் 30 சதவீதத்தை ஏற்றுக்கொண்டும் உத்தரவு பிறப்பிக்குமாறு பிரார்த்திக்கிறேன். பிள்ளைகள் வருகிற வெள்ளிக்கிழமை வெளியிட உத்தேசித்திருக்கிறார்கள். அதற்குள் தங்கள் பதில் வராது என்பது எனக்குத் தெரியும், ஆனால் தங்களுடைய ஒரு சதவீதம் தங்களுக்குத் தவறாமல் வந்து சேரும்.