ஐந்து ரூபாயில் கிரீஸ்

கோடை விடுமுறை வந்தால் எங்கள் வீட்டில் நான் சாக்குச் சொல்லும் சீசனும் வந்துவிடும். கொடைக்கானல் என்றால் தண்ணீர்ப் பஞ்சம், ஊட்டி என்றால் கூட்டம். இந்த முறை மனைவி கேட்டது கிரீஸ். கிரீட் தீவில் ஹானியா என்ற பழைய துறைமுக ஊருக்குப் போன அவள் தங்கை, வெனிஸ்காரர்கள் கட்டிய கரைச்சுவர் பக்கம் நின்று படமாக அனுப்பித் தள்ளியிருந்தாள்.

"பழைய துறைமுகம், மாதா கோயில், மீன் வாசம். எல்லாம் ராயபுரத்திலேயே இருக்கு" என்றேன்.

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கச் சொன்னதும், "அதுக்குள்ள கிரீஸ் வந்துடுச்சாப்பா?" என்றான் மகன்.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம் ராயபுரம். பம்பாயிலும் ஹௌராவிலும் முதன்முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் போய்விட்டன; நாட்டில் மிஞ்சியதில் மூத்தது இதுதான். முகப்புத் தூண்களைத் தடவி, "கிரேக்கக் கோயிலைப் பார்த்து வெள்ளைக்காரன் எடுத்த பாணி" என்றேன்.

"தூண் சரிங்க, மீதி கிரீஸ் எங்கே?"

ராயப்பர் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். கம்பெனிக் காலத்தில் படகோட்டிகள் எழுப்பியது. அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்கும். ஆளையும் மூட்டையையும் மசூலா படகில் ஏற்றி அலை தாண்டிக் கொண்டுவருவார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. பிற்பாடு கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவரை 1881 நவம்பர் புயல் பெயர்த்துப் போட்டது.

"வெனிஸ்காரன் கட்டினது இன்னும் நிக்குதே?"

"அவனுக்கு வங்காள விரிகுடாவைத் தெரியாது."

அடுத்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் அத்தனையும் கரையில் நெருக்கியடித்து நின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. "நமக்காகவே எல்லாப் படகும் வீட்டில் இருக்கு" என்று சமாளித்தேன். நிழலில் ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்து, கிழிந்த கண்களை நைலான் நூலால் முடிந்துகொண்டிருந்தார். மகன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் கிரீஸின் சாண்டோரினி எரிமலை நினைவுக்கு வந்து கேட்டான். வடக்கே எண்ணூர்ப் பக்கம் கை நீட்டி, "அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி இருக்கு, அடுத்த லீவுக்கு" என்றேன்.

சின்னப் படகில் வந்த கொஞ்சம் மீன் கூடையில் இருந்தது. வஞ்சிரம் விலை கேட்டு நழுவப் பார்த்தேன். மீன்கார அம்மா விடவில்லை: "இன்னா சார், வெலைய கேட்டுக்கினு அப்பால போற? மீனு உன்ன இன்னா பண்ணுச்சி?"

மனைவி பையை நீட்டினாள். பர்ஸ் என்னுடையது.

ஆகவே வாசகர்களே, பழைய துறைமுகம் பார்க்க விசா வேண்டாம், ஐந்து ரூபாய் போதும். ஆனால் ஜூன் 15-க்குப் பிறகு போங்கள். தடைக்காலத்து வஞ்சிரம் விலைக்குக் கிரீஸ் டிக்கெட்டே தேவலை.