ஒரே கோப்பு, நான்கு கணினி

கேள்வி: காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டு நூல், ஜரிகை, கூலிக் கணக்கெல்லாம் ஒரே ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பில் இருந்தால், நான்கு பேர் ஒரே நேரத்தில் திறக்கலாமா?

பதில்: தாராளமாக! கோர்வைச் சேலைக்கு ஒரே தறியில் இருவர் உட்காருகிறார்களே. ஆனால் அவரவர் வேலை தனித்தனி. கோப்பையும் அப்படிப் பிரிக்க வேண்டும். அட்டவணைகள் மட்டும் உள்ள கோப்பு பொதுக் கணினியின் பகிர்வுக் கோப்புறையில் இருக்கும்; படிவங்களும் அறிக்கைகளும் கொண்ட கோப்பின் தனிப் பிரதி அவரவர் கணினியில். பிரித்துத் தரும் வசதி ஆக்சஸிலேயே இருக்கிறது.

யாராவது திறந்ததும் பகிர்வுக் கோப்புறையில் பூட்டுக் கோப்பு ஒன்று தானாக முளைக்கும். அதனால் அந்தக் கோப்புறையில் எழுதவும் அழிக்கவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும். ஒரு நெசவாளரின் கூலியை இருவர் ஒரே நேரத்தில் திருத்தாதிருக்க, திருத்தும் பதிவை மட்டும் பூட்டும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

வைஃபை வேண்டவே வேண்டாம், கேபிள்தான். எழுதும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகலாம். தீபாவளி நேரத்தில் அந்தக் கணக்கு போனால் தவிப்பது நெசவாளர் குடும்பம். இணையச் சேமிப்பகக் கோப்புறையும் இந்தக் கோப்பைப் பகிர உதவாது.

ஒரே நேரத்தில் 255 பேர் வரை என்பது ஏட்டு வரம்பு. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே வேகம் குறையும். கோப்பின் அளவும் 2 ஜிபியைத் தாண்டாது. அதை நெருங்கினால் அட்டவணைகளை எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்கு மாற்றலாம், படிவங்கள் ஆக்சஸிலேயே இருக்கட்டும்.