ஆணி அடிக்காத மண்வீடு

வாடகை வீட்டை மண்ணிறத்தில் அலங்கரிப்பது என்பது, பிறர் சுவருக்கு முன்னால் தன் பானையை நிறுத்தி வைக்கும் கலை. செங்காவி, பழுப்பு, ஈரக் களிமண், காய்ந்த வைக்கோல், வாழைச் சருகு ஆகியவை இந்தப் பாணிக்கு உரிய நிறங்கள். வாடகை வீட்டுச் சுவருக்கு உரிய நிறங்கள் வேறு: ஆஸ்பத்திரி வெள்ளை, அல்லது வீட்டுக்காரரின் சொந்த வீட்டுக்கு அடித்தது போக மீந்த பச்சை. இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் குடிவைத்து, ஒப்பந்தம் முடியும் நாளில் டெபாசிட்டைக் குறையாமல் வாங்கிக்கொண்டு வெளியேறுவதே கலையின் இலக்கு.

ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் மாவட்டத்தைச் சேர்ந்த ஆயர் ஈத்தாம் இக்கலைக்கு ஏற்ற ஊர். கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் பழைய 1ஆம் எண் கூட்டரசுச் சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையும் இங்கே குறுக்கிட்டுக்கொள்கின்றன. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையடையும் வரை, தெற்கே போகும் பேருந்துகளும் கார்களும் இங்கே நின்றுதான் போயின. ஓட்டுநர் கோப்பி வாங்கினார்; பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கு வறுவல் வாங்கினார்கள்; அம்மா இரண்டடி உயரப் பூச்சாடி வாங்கினார்; அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த அப்பா வழி முழுக்கப் பேச்சு வாங்கினார். ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர். மண்ணிறப் பாணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிளந்தானில் இருக்கிறது. அங்கே ஓர் ஊர் தானா மேரா, அதாவது செம்மண், என்றே பெயர் வைத்துக்கொண்டு முந்திவிட்டது.

சாலையோரக் கடைகளில் சாடி, குடம், உண்டியல், தவளை, கோழி, தோட்டத்தில் நிற்கும் குள்ளன் என எல்லாம் மண்ணிலும் பீங்கானிலும் கிடைக்கும். ஊருக்குத் தெற்கே மச்சாப்பில் டிராகன் சூளை இருக்கிறது. தென்சீனாவிலிருந்து வந்த குயவர்கள் கொண்டுவந்த வகை அது: மேட்டுச் சரிவில் பாம்பு படுத்ததுபோல் நீண்டு கிடக்கும், அடிவாயில் விறகு எரியும், அனல் தானாக மேலேறி வால் நுனி வரை வேகவைக்கும். மண்ணிலுள்ள இரும்புதான் சுட்டதும் சிவக்கிறது. ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் வெந்தது பூந்தொட்டி. உடம்பெல்லாம் நுண்துளை, தண்ணீரைக் கசியவிடும். 1200 டிகிரியைத் தாண்டி வெந்து பளபளப்புப் பூசிக்கொண்டது சாடி. கசியாது, விலையும் இறங்காது. வாடகைதாரர் பெரும்பாலும் முதல் வகையை வாங்கி இரண்டாம் வகை என்று நம்புகிறார். மறுநாள் தரையில் தெரியும் வட்டக் கறை உண்மையைச் சொல்லிவிடும்.

ஜொகூரின் பழைய சூளைகள் பூச்சாடிக்காக மட்டும் எரியவில்லை. பால்மரத் தோட்டங்களுக்கு வேண்டிய மங்கு அவற்றின் பெரிய வியாபாரம். மரத்தைச் சீவியதும் சொட்டும் பாலைப் பிடிக்கும் அந்தச் சின்ன மண்கிண்ணத்தைத் தோட்டத் தமிழர் மங்கு என்றார்கள். மங்கு துடைப்பது சிறுவர்களின் விடியற்கால வேலையாக இருந்தது. இன்று அதே மங்கு, பழம்பொருள் என்ற பட்டத்தோடு, உள்ளே ஒரு சிறு கள்ளிச்செடி முளைத்தபடி வரவேற்பறை மேசையில் இருக்கிறது. அதைப் பார்க்கும் பாட்டிக்குக் கள்ளிச்செடி கண்ணில் படுவதில்லை. “மங்கை ஏன் இன்னும் துடைக்கவில்லை?” என்றுதான் கேட்கிறார்.

பாட்டியின் கேள்வியைத் தட்டிவிட முடியாது; இக்கலையின் மூத்த நிபுணர் அவர்தான். தோட்டத்து லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. சுவர் கம்பெனியுடையது, கூரை கம்பெனியுடையது, ஒழுகலும் கம்பெனியுடையது. அந்த வீட்டைத் தன் வீடாக்கப் பாட்டி பயன்படுத்திய பொருள்களைப் பார்த்தால், ஒன்றுகூடச் சுவரைக் காயப்படுத்தவில்லை. வாசலில் கோலம்: காலையில் வரும், மதியத்துக்குள் காலடியில் போகும். நிலையில் மாவிலை: காய்ந்ததும் கழற்றப்படும். தரையில் பாய்: சுருட்டினால் மூலையில் நிற்கும். சுவரில் நாள்காட்டி: முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆணியில் தொங்கும். 1980களிலும் 1990களிலும் ரப்பர் அழிந்து செம்பனை ஏற, தோட்டங்கள் துண்டாடப்பட, குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பேட்டை வீடுகளுக்கு வந்தன. வந்தவர்கள் முதலில் விட்டுவிட்டது பாயும் மங்கும் மண்சட்டியும். பேரப்பிள்ளைகள் இப்போது தவணை முறையில் வாங்கிக்கொண்டிருப்பதும் பாயும் மங்கும் மண்சட்டியும்தான். தச்சு வேலையும் இந்தக் கணக்கில் சேரும். இருபத்தைந்து முப்பது ஆண்டு வயதாகிப் பால் வற்றிய மரம் வெட்டப்பட்டு, மூவாரில் நாற்காலியாகிறது. பாட்டி நின்று வெட்டிய மரத்தில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்து சட்டம். மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக நடக்கிறது. பேச்சு முடியும் வரை, இரு தரப்பையும் கட்டிப்போடுவது கையெழுத்திட்ட ஒப்பந்தமும் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும். வழக்கமாக இரண்டு மாத வாடகை டெபாசிட்டாகவும், அரை மாத வாடகை தண்ணீர், மின்சாரத்துக்காகவும் வீட்டுக்காரரிடம் போய் உட்காரும். ஒப்பந்தத்தில் எங்காவது ஓர் இடத்தில், அனுமதியின்றி ஆணியடிக்கவோ துளையிடவோ கூடாது என்று இருக்கும். வாடகைதாரர் அந்த வரியைப் படிப்பது துளையிட்ட பிறகு.

ஆணிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதற்குப் பழைய வழக்குகளில் விடை இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலத்தோடு இணைந்ததும், இணைந்ததோடு நிலையாகப் பொருத்தப்பட்டதும் நிலத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் 1872இல் ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் வழக்கில், ஆலைத் தரையில் ஆணியால் பொருத்திய தறிகள் கட்டடத்தோடு சேர்ந்தவை என்று தீர்ப்பானது. எவ்வளவு இறுக்கமாகப் பொருத்தப்பட்டது, எதற்காகப் பொருத்தப்பட்டது என்ற இரு கேள்விகளும் அன்றுமுதல் உலகம் சுற்றுகின்றன. நீதிபதி பிளாக்பர்ன் சொன்ன உதாரணம் வாடகைதாரர் மனப்பாடம் செய்யத் தக்கது: கல்லைக் கல்மேல் அடுக்கி வேலியாக்கினால், சாந்து பூசாவிட்டாலும் அது நிலத்தின் பகுதி, அதே கல்லை வியாபாரி தன் முற்றத்தில் அடுக்கி வைத்தால் வெறும் சரக்கு. 1902இல் லீ எதிர் டெய்லர் வழக்கில், மாளிகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய சித்திரத் திரைகள் பார்த்து ரசிப்பதற்காகவே மாட்டப்பட்டவை, ஆகவே எடுத்துப் போகலாம் என்றது பிரபுக்கள் சபை. திரை மாட்டியவருடையது, சரி. ஓட்டையை அடைத்தது யார் என்பதைத்தான் ஆயர் ஈத்தாம் வாடகைதாரர் கேட்பார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது 1953ஆம் ஆண்டின் கியா எதிர் சோம் வழக்கு. தூண்மேல் நிற்கும் மலாய் மரவீடு, வழக்காற்றின்படி, நிலத்தோடு சேராத அசையும் பொருளாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. கம்பம் என்னும் மலாய்க் கிராமத்து ஆட்கள் கூடித் தோள்கொடுத்து வீட்டையே தூக்கி வேறிடம் வைப்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். வீட்டையே தூக்கிப் போக முடிந்த நாட்டில் ஒரு படத்தை மாட்ட முடியாமல் நிற்கிறார் வாடகைதாரர்.

எனவே அவர் ஒட்டுக் கொக்கியை நாடுகிறார். கமாண்ட் போன்ற ஒட்டுப் பட்டைகளுக்குத் தயாரிப்பாளர் விதித்த சடங்குகள் உண்டு: சுவரை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், பட்டையை முப்பது விநாடி அழுத்த வேண்டும், ஒரு மணி நேரம் காத்திருந்து பிறகே எதையும் தொங்கவிட வேண்டும். நம் மக்களுக்கு முதல் இரண்டும் கைவரும். மூன்றாவது வராது. கழற்றும்போது பட்டையின் நுனியைச் சுவரோடு ஒட்டியபடி மெல்லக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். முன்னால் இழுத்தால் பட்டையோடு சாயமும், மலிவுச் சாயமாக இருந்தால் அதற்கடுத்த பூச்சும் கையோடு வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பரிலிருந்து, சுவரே வியர்க்கும்; கொக்கி பிடி விடும். இதை எழுதியவர் வீட்டில் அப்படி ஒரு மழை இரவில், கயிற்றில் கோத்த ஆறு மங்குகள் மூன்று மணிக்கு இறங்கிவந்தன. ஆறும் உடைந்தன. சுவரில் கீறல் இல்லை. ஒப்பந்தப்படி பார்த்தால் அது வெற்றி.

சுவரை மறைக்க, ஒட்டுவதைவிடச் சாய்ப்பது நல்லது. உயரமான மரச் சட்டம், மூங்கில் ஏணி, பெரிய கண்ணாடி எதுவும் தரையில் நின்று சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். அடியில் ரப்பர் துண்டு வைத்தால் வழுக்காது. சன்னலுக்கு, சுவருக்குச் சுவர் முட்டுக்கொடுத்து நிற்கும் ஸ்பிரிங் கம்பியில் பழுப்பு பாத்தேக் சாரோங்கை மாட்டலாம். விருந்தினர் வரும் நாளில் அப்பா அந்தச் சாரோங்கைத் தேடி அலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையலறை அலமாரிக்கு மரநிறத் தாள் ஒட்டுவோர் உண்டு. தாளிப்புப் புகையும் ஈரமும் சேர்ந்து ஓராண்டில் அந்தப் பசையை வீட்டுக்காரரின் சொத்தாக்கிவிடும். தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்தால் பசை இளகும். பிறகு எண்ணெயைப் போக்கச் சவர்க்காரம், பொறுமை இரண்டும் வேண்டும்.

செலவு குறைந்து பலன் மிகுந்தது விளக்கை மாற்றுவது. தாமான் வீடுகளில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கே வழக்கம். அதன் கீழே செங்காவிப் பானை ஈரல் நிறத்தில் தெரியும், குடும்பமே கிளினிக்கில் எண்ணுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் விளக்கைப் போட்டதும் பானை பானையாகிறது, மனிதர் மனிதராகிறார். எதிர்ப்பு பெரியவர்களிடமிருந்து வரும். “ஏன் வீடு இருட்டா கிடக்கு, பில் கட்டலையா?” என்பார்கள். வீட்டுக்காரரின் பழைய விளக்கைத் தூக்கி எறியாமல் பெட்டியில் வைத்திருப்பது அவசியம்.

நாரும் ஓலையும் தனி விதிகளுக்கு உட்பட்டவை. மெங்குவாங் பாய், பிரம்பு நாற்காலி, சணல் கம்பளம் எல்லாம் படத்தில் அழகு. ஜொகூர் ஈரத்தில் பூஞ்சைக்கு விருந்து. வாரம் ஒருமுறை வெயிலில் போட்டால் பிழைக்கும். பிரம்பை இங்கே ரோத்தான் என்பார்கள். ஒரு தலைமுறைக்கு அது பள்ளிக்கூடத்தில் பின்புறத்தில் விழுந்த பொருள். அதே ரோத்தானில் பணம் கொடுத்து அதே பின்புறத்தை வைத்து உட்கார அவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு.

செடி வைப்பவர் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும், இல்லையேல் தரையில் கறை. தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கும். தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதம் வரும். சுவருக்கு வீட்டுக்காரர், தட்டுக்குச் சுகாதார அதிகாரி. தட்டில் மணல் நிரப்பினால் இருவரையும் சமாளிக்கலாம்.

இவை எல்லாவற்றையும் கடந்த தமிழ் வீட்டின் தனிச் சிக்கல் சாமி மேடை. முருகனைத் தரையில் சாய்த்து வைக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். ஒட்டுக் கொக்கியை நம்பவும் சம்மதிக்க மாட்டார். இடுப்புயர ரப்பர்மர அலமாரி ஒன்றின்மேல் சாமிகளைக் குடியேற்றி, பின்னால் ஓலைத் தட்டி நிறுத்துவது நடைமுறைத் தீர்வு. விளக்குப் புகை சுவரையும் கூரையையும் கறுப்பாக்காதபடி அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே தட்டு வைப்பவர் தொலைநோக்கு உடையவர். நிலைக்காலில் வைத்த மஞ்சளும் குங்குமமும் வேறு ரகம். உலகின் ஒட்டுப் பொருள்களில் அவற்றுக்கு இணை இல்லை. வெள்ளைச் சாயம் இரண்டு பூச்சு அடித்தாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைத்த பொட்டு எட்டிப் பார்க்கும். நிலைக்கு ஒளிபுகும் ஒட்டுத்தாள் ஒட்டி அதன்மேல் பொட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். மகாலட்சுமி இதை எப்படி எடுத்துக்கொள்கிறாள் என்று தெரியவில்லை, வீட்டுக்காரர் நன்றாகவே எடுத்துக்கொள்கிறார்.

வீட்டைக் காலி செய்யும் முறை குடிவந்த நாளிலேயே தொடங்குகிறது. அன்றே ஒவ்வொரு சுவரையும், முன்னவர் விட்டுப்போன ஒவ்வொரு ஓட்டையையும் ஆணியையும் தேதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்னவரின் பாவம் பின்னவர் டெபாசிட்டில் கழியும். அந்த ஆணிகளைப் பிடுங்கக் கூடாது. அவை சட்டப்படி கிடைத்த ஆணிகள். நாள்காட்டியும் தாத்தாவின் படமும் அவற்றில்தான் தொங்கப் போகின்றன. கிளம்பும்போது பானைகளைக் கடைக்காரர் செய்வதுபோலப் பழைய செய்தித்தாளில் சுற்றி, வாய் மேலே பார்க்க, இடைவெளியில் பாய்ச் சுருளைத் திணித்து லாரியில் ஏற்ற வேண்டும். படுக்க வைத்த பானை அடுத்த சிக்னல் வரைதான் பானை. கொக்கிகளை மெல்லக் கீழே இழுத்து, நாள்காட்டியைக் கழற்றி, ஆணியை மட்டும் அடுத்தவருக்கு விட்டு, கடைசியாக ஏணியில் ஏறி மஞ்சள் விளக்கைக் கழற்றிப் பெட்டியிலிருந்த வெள்ளை விளக்கைப் பழையபடி மாட்ட வேண்டும். சுவிட்சைத் தட்டியதும் வீடு மறுபடி கிளினிக்காகிவிடும். அந்த வெளிச்சத்தில்தான் வீட்டுக்காரர் சுவரைச் சோதிப்பார். சாவியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.