நெய்க் கடை

நைஜீரியாவில் அரசாங்கத்துக்குச் சொந்தமான எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நான்கு. போர்ட் ஹார்கோர்ட்டில் இரண்டு, வாரியில் ஒன்று, கடூனாவில் ஒன்று. நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்கலாம் என்பது காகிதக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் அவை சுத்தமாகத் துடைத்தது கஜானாவைத்தான். ஆலை ஓடாவிட்டாலும் சம்பளம் ஓடும், பராமரிப்புச் செலவு ஓடும். 2021-இல் போர்ட் ஹார்கோர்ட் ஆலையைப் புதுப்பிக்க 150 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2024 நவம்பரில், ‘ஆலை ஓடத் தொடங்கிவிட்டது’ என்று தடபுடலாக அறிவித்தார்கள். 2025 மே மாதம் பராமரிப்புக்காக இழுத்து மூடினார்கள். பாவம், ஆறு மாதம் ஓடிய களைப்பு!

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறார்களே என்று நாம் இரக்கப்படுவோம். அலைகிறவனைப் பார்த்து இரக்கப்படலாம், சரி. ஆனால் வெண்ணெயை விற்று நெய்யை வாங்கும் கடைக்காரனுக்கு என்ன குறை? கச்சா எண்ணெய் கப்பலேறிப் போகும், பெட்ரோலாகக் கப்பலேறித் திரும்பும். போகையில் ஒரு தரகு, வருகையில் ஒரு தரகு. நடுவில், ஏழைக்கு மலிவாகக் கொடுக்கிறோம் என்று 2023 வரை மானியம். வந்தே சேராத பெட்ரோலுக்கும் மானியம் போனது. ஆலை ஒழுங்காக ஓடினால் இத்தனை பேர் பிழைப்பில் மண் விழாதா?

இந்த மானியக் கொள்ளையில் 2009 முதல் 2011 வரை சுமார் 680 கோடி டாலர் போயிற்று என்று 2012-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று போட்டு உடைத்தது. குழுவின் தலைவர் ஃபாரூக் லாவன். சபையில் ‘நேர்மை அணி’க்கே தலைமை தாங்கியவர். சில வாரங்களில் ஒரு வீடியோ வந்தது. குற்றப்பட்டியலில் இருந்த எண்ணெய் முதலாளியிடம் நேர்மையாளர் டாலர் கட்டுகளை வாங்குகிறார், தொப்பிக்குள் செருகிக்கொள்கிறார். கேட்டால், லஞ்சம் கொடுக்க வந்தவரைக் காட்டிக்கொடுக்கத்தான் வாங்கினாராம்! 2021-இல் நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. தொப்பிக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

அரசால் ஆகாததைத் தனியார் செய்வார் என்று தொழிலதிபர் டாங்கோட்டே நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய்க்கு ஓர் ஆலை கட்டினார். அதற்குக் கொடுக்க உள்ளூர்க் கச்சா எண்ணெய் போதவில்லை. ஆகவே 2024-இல் அமெரிக்காவிலிருந்து கச்சா எண்ணெய் வந்து இறங்கியது. ஆம், நைஜீரியாவுக்கு!

மின்சாரம்? இருபது கோடிக்கு மேல் ஜனம். மின்தொகுப்பு அடிக்கடி குப்புற விழும். விழுந்ததும் தெருவெல்லாம் ஜெனரேட்டர் உறுமும். அதிலே சின்ன வகைக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயர், ‘பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்’. அதற்கும் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். இருட்டிலும் கடைக்காரனுக்கு வியாபாரம். வீட்டில் விளக்கு எரியாத நைஜர் டெல்டா கிராமங்களில் எண்ணெயோடு வெளிவரும் எரிவாயு மட்டும் இரவு பகலாக எரிகிறது. 1984-க்குள் அணைக்கச் சொல்லி 1979-இலேயே சட்டம் உண்டு. அந்தத் தீயின் அனலில் பெண்கள் மரவள்ளியைப் பரப்பிக் காயவைக்கிறார்கள். எண்ணெய் வளத்தில் அவர்கள் கைக்கு எட்டிய பங்கு அந்த அனல்தான்.

இந்த அரசுக்கு வேகமே வராது என்று எண்ண வேண்டாம். அதே டெல்டாவில் உள்ள ஓகோனி மண்ணைக் கெடுக்காதே என்று கேட்ட எழுத்தாளர் கென் சாரோ-விவாவுக்கும் உடனிருந்த எட்டுப் பேருக்கும் கொலைக் குற்றம் சுமத்தி, சர்வாதிகாரி அபாச்சாவின் நியாயசபை மரண தண்டனை விதித்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 1995 நவம்பர் 10 அன்று தூக்கு. 2011-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அதே ஓகோனியில் ஒரு கிராமத்தின் குடிநீர்க் கிணறுகளைச் சோதித்தது. புற்றுநோய் தரும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல் 900 மடங்குக்கு மேல். மண்ணும் நீரும் மீள 25 முதல் 30 ஆண்டு பிடிக்கலாம் என்றார்கள். கயிறு தயாரிக்க ஆன காலத்தையும் வாளி தூக்க ஆகும் காலத்தையும் நீங்களே கணக்குப் பாருங்கள்.

2025 ஜூன் 12 அன்று அதிபர் டினுபு அந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். விருதும் உண்டு. எந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு, யார் யாருக்குத் தருவது என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள், மரியாதைக்குறைவு. 1993-இல் மக்கள் போராடி நிறுத்திய ஓகோனி எண்ணெயை மறுபடி எடுக்கலாமா என்ற பேச்சுவார்த்தையும் அதே ஆண்டில்தான் மும்முரமாக நடந்தது.