மனுதாரரை மாற்றும் முறை

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்,
சென்னை.

பொருள்: ஜாக்கியைத் தொடாமலே ஏபிஎஸ் கோளாறைக் கண்டுபிடித்தமைக்குப் பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் பழைய காரின் நான்கு சக்கரங்களும் உங்கள் பளபளப்பான டைல்ஸ் தரையைவிட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாத நிலையில், அதன் பிரேக்கில் என்ன கோளாறு என்று உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிரேக் விவகாரம் என்றால் வண்டியைத் தூக்க வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும், கையில் கிரீஸ் ஒட்டும் என்றெல்லாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தலைமுறை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. அவர்களை அழைத்து வந்து உங்கள் டெக்னீஷியன்களின் சட்டைக் கையைக் காட்ட வேண்டும். சலவை மடிப்புகூடக் கலையவில்லை.

டேஷ்போர்டில் ஏபிஎஸ் என்ற மஞ்சள் விளக்கு எரிகிறது என்றுதான் வந்தேன். எப்போதும் எரிவதில்லை. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுக்க ஒடித்தால் எரியும். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் அணைந்துவிடும். இதை உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவரும் டேப்லெட்டில் தட்டினார். ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தால் "ஏபிஎஸ் லைட் – செக்" என்று இருந்தது. இடதுபக்கம் எங்கே போயிற்று என்று கேட்டேன். "அதுக்கு ஆப்ஷன் இல்ல சார்" என்றார். தம்பி மீது எனக்கு வருத்தமில்லை. வாடிக்கையாளர் தேவைக்கு மேல் பேசிவிடாமல் இருக்க அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் யாரோ, அவரைத்தான் பார்க்க ஆசை.

பிறகு ஸ்கேனர் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார்கள். திரையில் சி0035 என்று ஒரு குறியீடு தெரிந்தது: முன்பக்க இடது சக்கரத்தின் ஸ்பீட் சென்சார் சுற்றில் கோளாறு. நான் காபி குடித்து முடிப்பதற்குள் எஸ்டிமேட்டும் வந்துவிட்டது. ஏபிஎஸ் மாட்யூல் அசெம்ப்ளி மாற்ற வேண்டும், 68,400 ரூபாய். கோடிங், பிரேக் ஆயில், கூலி தனி. கோளாறு கண்டுபிடித்ததற்கு ஜிஎஸ்டி சேர்த்து 1,180.

ஐயா, நான் பொறியாளன் அல்ல. அரசு அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். என் அறிவுக்கு எட்டியவரை சி0035 என்பது ஒரு மனு. மனுதாரர் ஏபிஎஸ் கம்ப்யூட்டர். "முன்பக்க இடது சக்கரத்திலிருந்து எனக்குத் தகவல் வரவில்லை, விசாரித்து ஆவன செய்யவும்" என்பது மனுவின் சாரம். சென்சார் செத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். மனுவில் இதெல்லாம் இராது. விசாரித்தால்தான் தெரியும். நீங்கள் கண்டுபிடித்திருக்கும் முறை அதைவிடச் சுருக்கமானது. மனுவைப் படித்ததும் மனுதாரரைக் கழற்றிவிட்டு 68,400 ரூபாய்க்குப் புது மனுதாரரைப் போட்டுவிடுகிறீர்கள். புதியவரும் முதல் இடது திருப்பத்திலேயே அதே மனுவைக் கொடுப்பார் என்பது வேறு விஷயம். அப்போது சென்சார் மாற்றச் சொல்வீர்கள், அதற்கும் அடங்காவிட்டால் வீல் பேரிங் இருக்கிறது. எங்கள் துறைக்கு இந்த முறை தெரிந்திருந்தால் ஒரு கோப்பும் தேங்கியிருக்காது.

எஸ்டிமேட்டைப் பார்த்து நான் தயங்கியதும் அட்வைசர் குரலைத் தாழ்த்தி, "பிரேக் மேட்டர் சார், இப்படியே எடுத்துட்டுப் போனா ரிஸ்க்" என்றார். சொந்தப் பொறுப்பில் வண்டியை எடுத்துச் செல்வதாகக் கையெழுத்து போடவும் ஒரு தாள் தயாராக இருந்தது. இந்த இடத்தில் மட்டும் பாராட்டைச் சற்று நிறுத்திவைக்கிறேன். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடுதான் விடுப்பில் போயிருக்கிறது என்று பொருள். மழையில் நிதானமாக ஓட்டி, கூடிய சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். சிவப்பு பிரேக் விளக்கும் கூடவே எரிந்தால் கதை வேறு. ஆயில் குறைந்திருக்கலாம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் நின்றுபோயிருக்கலாம். ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். இந்த வித்தியாசத்தை உங்கள் வரவேற்பறைச் சுவரில் எழுதிவைக்க இடமிருக்கிறது. இப்போது அங்கே எக்ஸ்சேஞ்ச் போனஸ் போஸ்டர் ஒட்டியிருக்கிறது.

ஆமாம், அந்த எக்ஸ்சேஞ்ச் மேசைத் தம்பி. கையெழுத்துத் தாளோடு சேர்ந்தே அவரும் வந்தார். "பழைய வண்டிக்கு இவ்ளோ செலவா சார்?" என்று அவர் கேட்டபோது, எஸ்டிமேட் போட்டது பக்கத்து மேசைதான் என்று நினைவூட்டத் தோன்றியது. போகிற போக்கில் மலிவான வழியும் ஒன்று சொன்னார்: "பேஸ் மாடல்ல ஏபிஎஸ்ஸே கிடையாது சார். லைட்ட மட்டும் கட் பண்ணிட்டா தெரியாது." இந்தியாவில் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்றானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு டாப் மாடலுக்கான கூடுதல் பணத்தை உங்கள் கவுன்ட்டரில் கட்டித்தான் இந்த ஏபிஎஸ்ஸை வாங்கினேன். (பழைய கார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் வண்டியில் கோளாறு இல்லை என்று மகிழ வேண்டாம். இந்தத் தம்பி போன்ற ஒருவர் உங்களுக்கு முன்பே வந்து போயிருக்கிறார்.)

கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எங்கள் தெருமுனை மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது, அவரிடம் ஜாக்கி இருக்கிறது. இடதுபக்கம் ஒடித்தால் எரிகிறது என்றதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "முழுசா ஒடிச்சாவா, லேசா ஒடிச்சாவா?" என்று கேட்டார். டேப்லெட் இல்லாததால் ஆப்ஷன் தடையாக இல்லை.

முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான். பேரிங் ஆடினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். டார்ச் அடித்து வளையத்தைப் பார்த்தார். கடற்காற்றில் துரு ஏறி வெடித்திருந்தால், வண்டி மெதுவாகி நிற்கப்போகும் நேரத்தில் காரணமில்லாமல் பெடல் உதறுமாம். வளையம் நன்றாகவே இருந்தது. அடுத்து கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். எங்கள் காரின் சென்சார் பழைய வகை, உள்ளே ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான். வலது சக்கரம் 1.1 கிலோ ஓம் காட்டியது, இடதும் அதே 1.1.

நீங்களாக இருந்தால் சென்சார் சுத்தம், மாட்யூல்தான் குற்றவாளி என்று இங்கேயே கோப்பை மூடியிருப்பீர்கள். பாய் மீட்டரைக் கழற்றவில்லை. "சார், உக்காந்து லெஃப்ட்ல முழுசா ஒடிங்க" என்றார். ஒடித்தேன். மீட்டரில் எண் காணாமல் போய், சுற்று அறுந்ததைக் காட்டும் ஓ.எல். வந்து நின்றது. நேராக்கினால் 1.1, ஒடித்தால் ஓ.எல். ஷாக் அப்சார்பர் பக்கமாக வளைந்து போகிற வயரில் விரலை வைத்து, "இங்கதான்" என்றார். மேல் ரப்பர் முழுசாக இருந்தது, உள்ளே செம்பு இழை அறுந்திருந்தது. சக்கரம் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் வளைந்து வளைந்து அந்த இடம் களைத்துப்போயிருக்கிறது.

ஈயம் வைத்து ஒட்டிவிடலாமா என்று கேட்டேன். "ஆடிக்கினே இருக்கிற எடம் சார், ஈயம் வச்சா அது பக்கத்துலயே ஒடியும்" என்று மறுத்துவிட்டு, ஜி.பி. ரோட்டிலிருந்து வயரோடு சேர்ந்த புது சென்சார் வரவழைத்தார். விலை 1,650, கூலி 400. தன் பழைய ஸ்கேனரால் குறியீட்டை அழித்தார். பிறகு ஆளில்லாத சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொன்னார். பெடல் காலுக்கடியில் கரகரவென்று உதறியது, வண்டி இழுத்த கோட்டில் நின்றது. உங்கள் மாட்யூல், அதாவது மாற்றப்படவிருந்த மனுதாரர், தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காருக்கு பாஷ் நிறுவனம் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ் செய்து கொடுத்தபோதே, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வழக்கம் அதில் இருந்தது. தகவலில் சந்தேகம் என்றால் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, பிரேக்கில் தலையிடாமல் ஒதுங்கிக்கொள்ளும். அந்த மென்பொருளை உங்கள் எஸ்டிமேட் பிரிவிலும் ஏற்ற முடியுமா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்.

கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. ஜாப் கார்டில் "எப்போது?" என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். 1,180 ரூபாய்க்கு எந்த வேலை நடந்தது என்று பிரித்து ரசீது தர வேண்டும்: ஸ்கேனரைச் சொருகியதற்கு எவ்வளவு, பிடுங்கியதற்கு எவ்வளவு. ஒரு மல்டிமீட்டர் வாங்கித் தர நானே தயார், அது உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியலில் இல்லாமல் இருந்தால்.

நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, எங்கள் சேவைக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டார். ஒன்பது போட்டாலும் அவருக்குப் பூஜ்யம் போட்ட கணக்குதானாம். பாவம், பத்தே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்கும் கட்டம் அவர் படிவத்திலும் இல்லை என்பதால், காபிக்கு என்பதை இங்கே எழுத்துமூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பழைய டாப் மாடல் உரிமையாளர்