விடுதி வாளி விசாரம்

பள்ளிக்கூடத்தை விட்டுச் சர்வகலாசாலைக்குள் புகும் வித்யார்த்தி, அந்த முதல் வருஷத்தில் புதிய வாழ்க்கைக்கு எங்ஙனம் பழகிப்போகிறான் என்பது பற்றி உபதேசம் செய்தவர் அநேகர். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்கள், வீட்டு ஞாபகம், மெஸ் சாம்பார், சீனியர்களின் கடைக்கண் பார்வை என்று அவர்கள் ஆராயாத விஷயமில்லை. ஆயினும், விடியற்காலையில் அவன் கையில் தொங்கும் வாளியை இதுவரை ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்பது சாஸ்திர உலகுக்கே ஒரு குறை. அக்குறையை இயன்றவரை நிவர்த்திப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

முதலில் சரித்திரம். 1857-இல் லண்டன் சர்வகலாசாலையை முன்மாதிரியாகக் கொண்டு சென்னைச் சர்வகலாசாலை தோன்றியபோது, பரீட்சை நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே அதன் பிரதான காரியமாக இருந்தமையால், பரீட்சைக்கு வருபவன் எங்கே குளித்தான், குளித்தானா என்பது பற்றி அதற்கு யாதொரு கவலையும் இருக்கவில்லை. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலை, மாணவர் தங்கிப் படிக்கும் ஸ்தாபனமாகச் சட்டப்படியே உருவானபோதுதான், உயர்கல்விக்கும் குளியலறைக்கும் உள்ள சம்பந்தம் தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்றது எனலாம். கல்லூரி விடுதிகள் அதற்கு முன்பே இருந்தனவே என்று ஆட்சேபிப்போர் உண்டு. இருந்தன, வாளிகளும் இருந்தன, சட்டம்தான் இல்லை.

அக்காலத்து வாளி துத்தநாகம் பூசிய இரும்பினால் ஆனது. தரையில் வைத்தால் இரண்டு மாடிக்குக் கேட்கும் என்பதால் ரகசியமாக எடுத்துச் செல்ல லாயக்கற்றது. ஓசையில்லாத பிளாஸ்டிக் வாளி புழக்கத்துக்கு வந்த பிறகே நம் ஆராய்ச்சிக்குரிய பிரச்சினை ஜனிக்கிறது.

கல்லூரி திறக்கும் பருவத்தில், பஸ் நிலையத்தை ஒட்டிய கடை வாசல்களில் கயிற்றில் கோத்துத் தொங்கும் வாளிகளுள் ஒன்றை, அடிப்பாகத்தைத் தட்டியும் கம்பிப்பிடி மாட்டியிருக்கும் காதை இழுத்தும் தாயார் தேர்ந்தெடுக்க, தகப்பனார் விலையைக் குறைத்து, குறைந்த விலைக்கு ஈடாக ஒரு மக்கையும் இனாமாகக் கேட்டுப் பெற்று, வீட்டுக்கு வந்தவுடன் பழைய எனாமல் பெயின்ட் டப்பாவைத் திறந்து, பிள்ளையின் பெயரையும் தம் இனிஷியலையும் வகுப்பையும் வாளியின் வயிற்றில் எழுதுகிறார். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அவ்வளவு சிரத்தையாக எழுத்தை அவர் பார்த்ததில்லை. இந்த எழுத்து நான்கு வருஷம் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. எழுத்து நிற்கத்தான் செய்கிறது.

விடுதியில் பையன் முதலில் கற்கும் பாடம் பிரதிநிதித்துவத் தத்துவம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்பே வாளிகள் வரிசையில் வந்து நிற்கும்; அவற்றின் சொந்தக்காரர்கள் அறையில் தூங்குவார்கள். வாளி நிற்கும் இடத்தில் ஆள் நிற்பதாகவே பாவிக்கப்படும். வெறும் மக்கை வைத்து இடம் பிடிக்கலாமா என்பதில் மட்டும் அபிப்பிராய பேதம் உண்டு. மூன்றாம் வருஷத்தவர் வைத்தால் செல்லும், முதல் வருஷத்தான் வைத்தால் செல்லாது என்பதே நடைமுறை. நூற்றுக்கு 75 வருகை வேண்டும் என்ற விதிக்கு அஞ்சி, வகுப்பில் இல்லாத சிநேகிதனுக்காக வேறு குரலில் 'பிரசன்ட் சார்' சொல்லும் பிராக்ஸிக் கலையின் மூலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. வாளி ஆளுக்காக நிற்கலாமென்றால், குரல் ஏன் நிற்கக் கூடாது?

மார்கழி பிறந்ததும் இரண்டாம் பாடம். வார்டன் தடைசெய்திருக்கும் காரணத்தினாலேயே ஒவ்வொரு மாடியிலும் ஒரு ஹீட்டர் ராடு இருக்கிறது. பதினைந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு உயர்த்த 1000 வாட் ராடுக்கு ஏறக்குறைய 16 நிமிஷம் ஆகும். தன்வெப்பம் என்னும் அத்தியாயம் எத்தனையோ வகுப்புகளில் விளங்காதவனுக்கும், கதவிடுக்கில் வார்டனின் செருப்புச் சத்தத்தை எதிர்பார்த்து நிற்கும் அந்த 16 நிமிஷத்தில் விளங்கிவிடுகிறது. ஆனால் ராடு பக்கவாட்டில் பட்டால் பிளாஸ்டிக் இளகிவிடும். ஆகவே விவேகியானவன் தன் வாளியில் தண்ணீர் காய்ச்சுவதில்லை.

ஒரு நாள் அவன் வாளி காணாமற்போகிறது. மாடி மாடியாகத் தேடி, கடைசியில் யாரோ ஒருவனுடைய ஜீன்ஸ் அதில் ஊறிக்கொண்டிருக்கக் கண்டு, "இது என் வாளிண்ணா" என்று குரல் நடுங்க முறையிட்டால், "அதுக்கென்னடா தம்பி, துவைச்சதும் எடுத்துக்கோ" என்று சாந்தமாகப் பதில் வருகிறது. அன்றிரவு வீட்டுக்குப் போன் செய்து படிப்பே வேண்டாம் என்கிறான். தாயார், "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறாள். மறுநாள் காலையில் எட்டரை மணி வகுப்பு. வாளியில் இன்னும் ஜீன்ஸ். வராந்தாவில் கேட்பாரற்று ஒரு பச்சை வாளி. அதை அவன் எடுத்துக்கொண்டு போகும் க்ஷணத்தில்தான் முதலாண்டுக்குப் பழகுதல் என்னும் காரியம் பூர்த்தியாகிறது என்பது நம் சித்தாந்தம்.

இது களவல்லவா என்பது பூர்வபக்ஷம். களவாவது, தனக்கென்று வைத்துக்கொள்ளும் எண்ணத்துடன் எடுப்பது. விடுதியில் ஒருவனும் வாளியைத் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை, வைத்துக்கொள்ள விட்டால்தானே? மதிப்பெண்ணைக் கொண்டல்லவா பழகியதை அளக்க வேண்டும் என்பாரும் உளர். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தவன் விடுதியில் ராஜாவாக உலவுவதையும், வகுப்பில் முதலாவதாக வந்தவன் வாளியைக் கட்டிற்காலில் சங்கிலியால் பூட்டிவிட்டு வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்கு ஓடுவதையும் பிரத்தியக்ஷமாகக் கண்டவர் அவ்வாறு வாதிக்கமாட்டார்.

கோடை விடுமுறைக்கு அழைத்துப் போகத் தாய் தகப்பனார் வருகிறார்கள். பெட்டி, படுக்கை எல்லாம் இறங்கியாயிற்று. "நீல வாளி எங்கடா?" என்கிறாள் தாயார். மாடிக்கு ஓடியவன், கைக்கு அகப்பட்டதொரு சிவப்பு வாளியுடன், மக் இல்லாமல், திரும்பி வருகிறான். அதில் வேறொருவன் பெயர், வேறொரு தகப்பனாரின் கையெழுத்து. தாயார் வாயைத் திறக்குமுன் தகப்பனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாளியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "எழுத்து நல்லா இருக்கே, பிரஷ் எந்த நம்பர்னு அந்தப் பையனைக் கேட்டியா?" என்கிறார்.